கால்சட்டையில் இருந்த ஒளி

உலான்பாட்டரில் திங்கட்கிழமை விமானம் தாமதம் என்றால்
எங்கள் பசு வரவில்லை என்று பொருள்.
பசு என்றுதான் சொல்கிறோம்.
வாளி உயரத்தில் ஓர் ஈய உருளை,
உள்ளே மாலிப்டினம்.
காலையில் உப்புநீர் விட்டுக் கறந்தால்
டெக்னீசியம்.
ஆறு மணி நேரத்தில் பாதி,
இன்னோர் ஆறில் பாதியின் பாதி.
புளிக்கவும் நேரமில்லாத பால்.

பயிற்சிக்கு வந்தபோது நான்
ஒன்பது வருடம் வயிற்றுவலி பார்த்தவள்.
அழுத்தி, தட்டி, இங்கேயா என்று கேட்டே
பழகிய கை.
இங்கே முதல் வாரமே
அந்தக் கையை எடுக்கச் சொன்னார்கள்.
பேச வேண்டியதை ஊசிக்கு முன்பே பேசிவிடு.
ஊசி போட்டதும் விலகு.
தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசி என்று
வாய்ப்பாடு போல ஒப்பித்தோம்,
நானும், கோவ்திலிருந்து வந்த சரந்துயாவும்,
எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும்
பிஷ்கெக்கின் மெதெர்பெக்கும்.

அடுத்துக் கற்றது பயப்படாமலிருக்க.
சிறுநீரகம் ஒளிரும், விட்டுவிடு.
குழந்தையின் முட்டி ஒளிரும்,
வளர்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் மாதம் பூர்வே வந்தார்.
டிராலிபஸ் ஓட்டுநர், அறுபத்து மூன்று வயது,
புராஸ்டேட்.
எலும்புப் படத்தில் வலது தொடையில் ஒரு புள்ளி,
பனியில் விழுந்த கரித்துண்டு மாதிரி.
நான் எழுதிவிட்டேன்: தொடை எலும்பிலும் பரவியுள்ளது.
கையெழுத்துகூடப் போட்டாயிற்று.
படமெடுக்கும் லுந்தேக், என்னைவிட ஆறு வயது சிறியவன்,
கதவருகே நின்றபடி கேட்டான்:
டாக்டர், கால்சட்டையை மாற்றிவிட்டு
இன்னொன்று எடுக்கலாமா?

இரண்டாவது படத்தில் தொடை சுத்தம்.
ஒளி இப்போது மூலையில்,
பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்த கால்சட்டையில்.
ஒரு சொட்டுச் சிறுநீர்.
புற்றுநோயைப் பேனாவால் அடித்தது
வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.
லுந்தேக் சிரிக்கவில்லை.
வெளியே போய்ச் சிரித்திருப்பான்.

எந்தக் கால்சட்டையை மாற்றினாலும் போகாத மூன்று
முதுகெலும்பில் இருந்தன.

அவற்றுக்கு லுட்டீசியம்.
இன்னும் தூரத்திலிருந்து, வேறொரு விமானத்தில்.
ரத்தத்தோடு போய், தேடி, ஒட்டிக்கொண்டு
அங்கேயே எரியும்.
எரிந்துகொண்டே எங்கே இருக்கிறேன் என்று
கேமராவுக்குத் தகவலும் அனுப்பும்.
சுடுகிறவனே முகவரி எழுதிப் போடுகிற
இந்த விநோதத்தை
மெதெர்பெக் இரண்டு முறை எழுதிக்கொண்டான்.

இருட்டில் நான் மின்னுவேனா என்றார் பூர்வே.
மாட்டீர்கள் என்றேன்.
பல்பு மிச்சமாகும் என்று பார்த்தேன் என்றார்.
பிறகு, சிரிப்பு அடங்காமலே,
எத்தனை நாளில் சாதாரண ஆளாவேன்?
தனிக் கட்டில், உட்கார்ந்தே சிறுநீர்,
இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்,
குழந்தைகளை மடியில் வைக்காதீர்கள்.
நான் பட்டியலைச் சொன்னேன்.
அவர் கேட்டது அதுவல்ல என்பது
வீட்டுக்குப் போகும் வழியில்,
புகையில் தெருவிளக்குகள் மங்கித் தெரிந்த நேரத்தில்
உறைத்தது.

மூன்றாவது தவணைக்கு மறுநாள் படம்.
மூன்றில் இரண்டு அணைந்திருந்தன.
ஒன்று அப்படியே.
இடுப்பில் புதிதாக ஒன்று, அரிசியளவு.
கால்சட்டையை, என்று ஆரம்பித்தேன்.
மாற்றிவிட்டேன் டாக்டர், என்றான் லுந்தேக்.
மாற்றிய பிறகு எடுத்ததுதான் இது.

வாய்ப்பாடு இரண்டு மீட்டர் என்றது.
நாற்காலியை ஒரு மீட்டருக்கு இழுத்துப் போட்டேன்.
கடிகாரம் பார்த்துக்கொண்டேன்: ஏழு நிமிடம்.
மூன்றில் நான் சொன்னேன்.
நான்கில் அவர் சொன்னார்,
பனி படிந்த கம்பியிலிருந்து டிராலியின் கொம்பு நழுவினால்
எப்படி இறங்கி, பின்பக்கம் போய்,
கயிற்றைப் பிடித்து அண்ணாந்து பார்த்து
மறுபடி மாட்டுவது என்று.
சில ராத்திரி ஒரே தெருவில் ஐந்து முறை, என்றார்.
பயணிகள் யாரும் இறங்குவதில்லை.

மாதக் கடைசியில் என் சட்டைப் பட்டையை அளப்பவர்களுக்கு
தசமப் புள்ளிக்கு வெகுதூரம் பின்னால்
அந்த ஏழு நிமிடம் தெரியலாம்.
தெரியாமலும் போகலாம்.